மருமகளுக்குப் புழுங்கலரிசி பிடிக்கவில்லை

கேள்வி: மருமகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பத்தியத்துக்குப் புழுங்கலரிசிச் சோறுதான் வடிக்கிறேன். வாடை பிடிக்கவில்லை, சியாம் வெள்ளையரிசி போதும் என்கிறாள். பெற்றவள் புழுங்கலரிசி சாப்பிட்டால்தான் பிள்ளை தங்கும் என்று எஸ்டேட் தோட்டத்தில் இருந்த என் பாட்டி சொல்வார். அதில் உண்மை உண்டா?
– வாசகி, செந்தூல்

பதில்: உண்டு அம்மா. ஆனால் உங்கள் பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்கு அது பொருந்தியது.

நூறு வருஷத்துக்கும் முன்னால் நம் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஏகப்பட்ட பேரைக் கொண்டுபோனது. மில்லில் தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, இதயம் பலவீனமாகி இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அந்த நோய் அபூர்வம். 1905 கடைசியில் டாக்டர் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பாதிப் பேருக்கு வெள்ளையரிசியும் மீதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். ஒரு வருஷத்தில் வெள்ளையரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. (இன்றைக்கு இப்படி ஒரு சோதனை செய்ய எந்த மருத்துவமனை விடும்? தாதியாக வேலை பார்த்தவள் நான், படிக்கும்போதே வயிறு கலங்கியது.)

காரணம் எளிது. வைட்டமின் பி1 சத்து குறைந்தால் வருவதுதான் பெரிபெரி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் அதிகம் போகாது.

தாய்க்கு அந்தச் சத்து குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பால் கக்கும், குரல் கம்மும், வாய் அழும், சத்தம் வராது. அப்புறம் திடீரென்று மூச்சுத் திணறி, இதயம் நின்றுவிடும். பல தாய்மாருக்கு எந்த நோயும் வெளியே தெரியாது, அதனால் அவர்கள் சாப்பாட்டை யாரும் சந்தேகப்படவில்லை. மணிலாவில் இப்படி எத்தனையோ சிசுக்கள் போன பிறகுதான் தவிட்டுச் சாறு கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அதற்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் நன்றாக வளர்ந்தன என்று நினைக்காதீர்கள். மலேரியா, கொக்கிப்புழு, தாயின் இரத்தசோகை என்று வேறு எமன்கள் இருந்தன.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் மருமகள் சாப்பிட்டால் எந்த அரிசியானாலும் பாதகமில்லை. எனக்குப் பயம் அரிசியைப் பற்றி இல்லை, பத்தியத்தைப் பற்றித்தான். நாற்பது நாளும் சுட்ட கருவாடும் பூண்டுக் குழம்பும் மட்டும் போட்டு, காய்கறி ஆகாது, பருப்பு வாயு என்று ஒதுக்குகிறீர்களா? அதை முதலில் நிறுத்துங்கள். அரிசியை நாலு தரம் கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் புழுங்கலரிசியிலும் சத்து தண்ணீரோடு போகும். அளவாகத் தண்ணீர் வைத்து குக்கரில் பொங்குங்கள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளை அவள் விடாமல் சாப்பிடட்டும்.

பிள்ளை பால் குடிக்காமல் மூச்சு வாங்கினாலோ அழுகுரல் கம்மினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி அவள் கேட்கிற சியாம் அரிசியையே வாங்குங்கள், கூடவே ஒரு கிலோ பாசிப்பருப்பும்.