முதல் எழுத்து மட்டும் போதுமா? – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். என் குழுவில் இருக்கும் ஒரு யூதப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண் குழந்தை என்று தெரிந்துவிட்டது. அவருடைய அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், அருமையான மனுஷி. “உங்கள் அம்மா பெயரையே வைத்துவிடுங்களேன்” என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “அம்மா நன்றாக இருக்கிறார், நாங்கள் அப்படி வைக்க மாட்டோம்” என்றார். ஆனால் மொராக்கோ யூதக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நண்பர், உயிரோடு இருக்கும் தன் அப்பாவின் பெயரைத்தான் மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார், நான் என் மகனுக்கு என் அப்பா பெயரை வைத்ததுபோல. ஒரே மதத்தில் இப்படி நேர் எதிராக எப்படி? அப்புறம், அந்தப் பெண் காலமான தன் பாட்டி ரிவ்காவின் நினைவாகக் குழந்தைக்கு ரைலி என்று வைக்கப் போகிறாராம். முதல் எழுத்தைத் தவிர இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இது கண்துடைப்பு இல்லையா?

கு. இரா., நியூ ஜெர்சி

அன்புள்ள கு. இரா.,

நீங்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் முகம் மாறியதற்கும் காரணம் இருக்கிறது. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்திலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் இறந்தவர்களின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள். பாட்டி இருக்கும்போதே அவர் பெயரை வைத்தால், எப்போது போவார் என்று காத்திருப்பதுபோல ஆகிவிடும். மரண தூதன் பெயர் சொல்லித் தேடி வருவான், ஒரே வீட்டில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆளை மாற்றிக் கொண்டுபோய்விடுவான் என்கிற பயமும் உண்டு. 1217இல் இறந்த ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்து ரப்பி (யூத மதகுரு) யூதா ஹெஹாசித் எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் உயிலில், தாயின் பெயரைக் கொண்ட பெண்ணை மகன் கட்டக்கூடாது என்றுகூட ஒரு விதி இருக்கிறது. எந்த அளவுக்கு அந்தப் பயம் ஆழமாக இருந்தது என்று பாருங்கள்.

ஆனால் இது வழக்கம்தான், மதச் சட்டம் அல்ல. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு மொராக்கோ, துருக்கி, கிரேக்கம் என்று பரவிய செபார்டி யூதர்களிடம் இந்தப் பயமே கிடையாது. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர், அடுத்தவர்களுக்கு அம்மா வழி. பொதுவாக வரிசை இதுதான். தாத்தா உயிரோடு இருந்தால் அது அவருக்குப் பெருமை. வைக்காமல் விட்டால்தான் மனஸ்தாபம். நெதர்லாந்தில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களும் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டி பெயரை வைத்தவர்கள்தான். அக்கம்பக்கத்தைப் பார்த்து வழக்கம் எப்படியெல்லாம் இடம் மாறுகிறது என்பதற்கு அவர்களே சாட்சி.

யூதச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய தல்மூது என்ற பழைய நூலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. பாபிலோனிலிருந்து வந்த ரப்பி நாத்தான் கடலோர ஊர் ஒன்றுக்குப் போகிறார். ஒரு தாய் குழந்தையோடு அவரிடம் வருகிறாள். முதல் பையனுக்கு விருத்தசேதனம் (முன்தோலை நீக்கும் சடங்கு) செய்தார்கள், இறந்துவிட்டான். இரண்டாவது பையனும் அப்படியே. இது மூன்றாவது. நாத்தான் குழந்தையைப் பார்க்கிறார், உடம்பு சிவந்து கிடக்கிறது. “இன்னும் ரத்தம் உள்ளே அடங்கவில்லை, அது அடங்கும்வரை பொறுத்திரு” என்கிறார். எட்டாம் நாள் செய்தாக வேண்டும் என்ற கட்டளையைத் தாண்டி அந்தத் தாய் காத்திருக்கிறாள். பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாபிலோனியன் நாத்தான்’. நாத்தான் உயிரோடு இருக்கிறார், தன் வாயாலேயே இதைச் சொல்கிறார். அங்கே யாரும் மரண தூதனை நினைத்து நடுங்கவில்லை. ஆகவே உங்கள் மொராக்கோ நண்பர் செய்ததற்கும் வலுவான பழைய ஆதாரம் இருக்கிறது.

இப்போது கண்துடைப்புக்கு வருகிறேன். இந்த வார்த்தையை நான் ஏற்கவில்லை. ரைலி என்பது பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்குமான பெயர். அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ரிவ்கா என்றே ஓர் எபிரேயப் பெயரும் இருக்கும். பெண் குழந்தையென்றால் வழக்கமாக ஜெபாலயத்தில் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்கும் நாளில், திங்களோ வியாழனோ சனிக்கிழமை ஓய்வுநாளோ, பெற்றவரை மேடைக்கு அழைத்து, தாய்க்கும் சேய்க்கும் ஆசி சொல்லி அந்தப் பெயரை அறிவிப்பார்கள். பையனென்றால் எட்டாம் நாள். எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலியைத் தனியாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் தாத்தா ஒருவர்தான் குழந்தையை மடியில் ஏந்தியிருப்பார். விருத்தசேதனம் முடிந்ததும் திராட்சை ரசத்தைக் கையிலெடுத்து, இன்னாரின் மகன் இன்னார் என்று பெயரை உரக்கச் சொல்லி, ஒரு துளி ரசத்தைக் குழந்தையின் உதட்டில் தடவுவார்கள். அதுவரை பெயரை வெளியே சொல்லாத பெற்றோர் நிறைய.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். தோரா வாசிக்க அழைக்கும்போது, திருமண ஒப்பந்தத்தில், கடைசியில் கல்லறைக் கல்லில், எல்லா இடத்திலும் அதுதான். அங்கெல்லாம் இன்ன தகப்பனின் பிள்ளை என்று வழங்கும் பெயர், உடம்பு முடியாமல் படுத்தால் மட்டும் தாயின் பெயரோடு சேரும். நோயாளிக்கான ஜெபத்தில் தாய் பெயரைச் சொல்லித்தான் வேண்டுவார்கள். நோய் முற்றினால் பெயரையே மாற்றுவதும் உண்டு. உயிர் என்று பொருள்படும் ஹயீம் என்பதை முன்னால் சேர்ப்பார்கள். கிழவன் என்று பொருள்படும் ஆல்ட்டர் என்ற பெயர், பிழைக்குமோ என்று பயந்த பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்பது அமெரிக்கா போனபிறகு வந்த பழக்கமும் இல்லை. வேதாகமத்து எஸ்தருக்கே ஹதாசா என்று இன்னொரு பெயர் உண்டு. மும்பையில் 1796இல் மராட்டி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்களின் முதல் ஜெபாலயத்தைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர், மராட்டி வழக்கில் சாமாஜி ஹசாஜி. நம் பக்கமே பாருங்கள்: சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் கொடுத்த செப்பேட்டில், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் இஸுப்பு இரப்பானாக இருக்கிறார்.

அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும் பெயரைத்தான் நாம் உண்மையான பெயர் என்று நினைக்கிறோம். அந்தப் பதிவேடு இவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் யோசியுங்கள். 1938 ஆகஸ்ட் 17 அன்று நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. அரசு அனுமதித்த ‘யூதப் பெயர்’ பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் எல்லோரும் இஸ்ரேல் என்றும், பெண்கள் எல்லோரும் சாரா என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அமல். ஆபிரகாமின் மனைவி சாராள், அந்த மக்களின் ஆதித்தாய். பல தலைமுறைகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு ஆசையாகக் கொடுத்துவந்த பெயர், ஆளைப் பிரித்து ஒதுக்குவதற்கான முத்திரையாக மாறியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு, கொல்லப்பட்ட பாட்டி, அத்தை, அம்மாவின் தங்கை என்று ஒருவருக்கு இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தன. சுமக்க வேண்டிய பெயர்கள் அதிகம், சுமக்கப் பிள்ளைகள் குறைவு. சிலரோ அந்தத் துக்கம் பிள்ளை தலையில் ஏறக்கூடாது என்று தொடர்பே இல்லாத புதுப்பெயர் வைத்தார்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சந்தேகம் ஓரிடத்தில் நியாயம்தான். எபிரேயப் பெயரை ஒரு சடங்காக வைத்துவிட்டு மறந்துபோகிற குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. மகளுக்குக் கல்யாணம் என்று வரும்போதுதான் பழைய காகிதங்களைத் துழாவித் தேடுவார்கள். முதல் எழுத்து மட்டும் மிஞ்சி, பாட்டி யாரென்றே பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது நஷ்டம்தான். ஆனால் உங்கள் தோழி பாட்டியின் பெயரை உங்களிடமே சொல்லியிருக்கிறார். அவர் மறந்தவர் இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிரசவத்துக்கு முன்பே குழந்தைக்குப் பரிசு கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள், அஷ்கெனாசி வீடுகள் பலவற்றில் அதையும் தவிர்ப்பார்கள். குழந்தை பிறந்ததும் ‘மசல் தோவ்’ என்று வாழ்த்துச் சொல்லுங்கள். ஜெபாலயத்துக்கு அழைத்தால் அவசியம் போய் வாருங்கள். ரிவ்கா பாட்டி எந்த ஊர்க்காரர், எப்படிப்பட்டவர் என்றும் கேளுங்கள், உங்கள் தோழிக்குச் சொல்ல நிறைய இருக்கும்.