வேதியியல் படித்த மகளுக்கு சேப்டி ஆபீசர் வேலை: பணம் கட்டும் முன்

அம்மா,

மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள், ஆறு மாத ‘ஃபயர் அண்ட் சேப்டி’ டிப்ளமோவில் சேரத் துடிக்கிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்தப் படிப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம்.

பாதுகாப்பு அலுவலர் என்பது நிர்வாகம் விரும்பினால் வைத்துக்கொள்ளும் பதவி இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் அதைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, அந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்திருக்கிறது. அபாயகரமான செயல்முறைகள் நடக்கும் ஆலைகளுக்கு 250 பேர் போதும். ஆகவே இந்தத் துறையில் ஆள் தேவை கூடும் என்றே நினைக்கிறேன்.

சட்டம் கட்டாயமாக்கிய பதவி என்பதால், தகுதியையும் விதிகளே சொல்கின்றன. வேதியியல் பட்டதாரி என்றால் மாநில விதிகள் பொதுவாக மூன்றைக் கேட்கும்: ஆலையில் மேற்பார்வைப் பொறுப்பில் ஐந்தாண்டு அனுபவம், அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதிய அறிவு. பொறியியல் பட்டதாரிக்கு இரண்டாண்டு அனுபவம் போதும். படிப்பு முடித்த மறுநாளே அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால், “எந்த விதியின்படி? எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள்.

மூன்றாவது தகுதியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மகள் பார்க்கப்போகும் வேலையில் பாதி, பேச்சுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். ரசாயன டேங்குக்குள் ஆளை இறக்க வேண்டும். உள்ளே ஆபத்தான வாயு இருக்கக்கூடும் என்றால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்வது இது. சரி, படித்தவளுக்கு இது தெரியும். ஆனால் இரவு ஷிப்டில், லாரி வெளியே காத்திருக்கும்போது, “அஞ்சு நிமிஷ வேலைம்மா” என்று சூபர்வைசர் சொல்வார். அந்த இடத்தில் அவரைப் பகைக்காமல், விட்டும் கொடுக்காமல் வேலையை நிறுத்தத் தெரிய வேண்டும். அதற்குப் பேச்சு வேண்டும், ஆலை அனுபவமும் வேண்டும். உற்பத்தி எப்படி நடக்கிறது என்றே தெரியாதவர் “நிறுத்து” என்றால் யார் கேட்பார்கள்?

சட்டம் அவளைத் தனியாக விட்டுவிடவில்லை. பாதுகாப்பு அலுவலர் ஆலைத் தலைமை அதிகாரியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், முரண்பட்ட வேறு வேலையைத் தலையில் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. விபத்து நடந்தால் முதல் பொறுப்பு ‘ஆக்குபையர்’ (ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர்) மீதும் மேலாளர் மீதும்தான். கம்பெனி நடத்தும் ஆலையில் இயக்குநர்களில் ஒருவரைத்தான் ஆக்குபையராகக் கருத வேண்டும் என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் கூட்டங்களில் இதுதான் கைகொடுக்கும். போபாலில் 1984-இல் நடந்த விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். வேதியியல் படித்தவள் அதை ஒரு தடவையாவது முழுதாகப் படிக்கட்டும்.

இப்போதைக்கு மருந்து, பெயின்ட், உரம் போன்ற ஆலைகளில் உற்பத்திப் பிரிவில் வேலை தேடச் சொல்லுங்கள். ஆய்வகத்திலேயே உட்கார்ந்துவிட்டால் மேற்பார்வை அனுபவம் சேராது. அப்புறம் ஓராண்டு தொழிலகப் பாதுகாப்பு உயர் டிப்ளமோ. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனமே அதை நடத்துகிறது. விதிகள் மாறிவரும் காலம் என்பதால், சேரும் முன் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் அங்கீகாரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நெபோஷ் என்ற பிரிட்டன் தேர்வு அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு வளைகுடா நாடுகளில் மதிப்பு உண்டு. ஆனால் இங்கே விதி கேட்கும் டிப்ளமோவுக்கு அது ஈடாகாது.

பெண்பிள்ளைக்கு ஆலை வேலையா என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. புதிய சட்டத்தொகுப்பின்படி எல்லா வேலைகளிலும் பெண்களைச் சேர்க்கலாம்; இரவு ஏழுக்கு மேல் என்றால் அவள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். நேர்முகத் தேர்வில் ஷிப்ட் நேரத்தையும் வாகன வசதியையும் அவளே கேட்கட்டும்.