கோன் செட்டை மாற்றும் முன் டயரைப் பாருங்கள்

கேள்வி: என் 125 சிசி பைக் 30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 60-ல் போய் ஆக்ஸிலரேட்டரை விட்டால், 50-க்கும் 40-க்கும் நடுவில் ஹேண்டில்பார் உதறுகிறது. மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும் பேரிங்) டைட் வைத்தார். உதறல் குறைந்தது, ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது வண்டி நேராகப் போகாமல் அலைகிறது. புது கோன் செட் போட்டுவிடலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்த டைட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாகவே இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பித்தான் வண்டியை நிமிர்த்தும். கோன் செட் இறுகிவிட்டால் அது முடியாது, அதனால்தான் அலைகிறது. இப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் பால்ஸ் அழுத்தி, அவை உருளும் வளையமான ரேஸில் குழி விழும். என் பட்டறைக்கு வரும் உதறல் வண்டிகளில் பலவும் இப்படி முறுக்கப்பட்டுத்தான் வருகின்றன. பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

டைட்டைக் குறைத்ததும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிகிறதா? அது கோன் செட் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவது போல நிற்கிறதா? அப்படியானால் ரேஸ் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கோன் செட்டைத் தொடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் வேகத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு முன் டயர் மேல்தான் சந்தேகம். டயர் பட்டன்களின் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால் தேய்மானம் சீராக இல்லை. காற்றைச் சரி செய்தாலும் அது போகாது, டயரை மாற்ற வேண்டியதுதான். அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வீல் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆகியவற்றின் ஆட்டத்தையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் அது பெரும்பாலும் டிஸ்க் அல்லது டிரம் கோளாறு.

பின்னால் பெட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரிசெய்யும் வரை ஒரு கையை விட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். உதறல் வந்தால் முன் பிரேக்கைப் பிடிக்காமல், ஹேண்டிலை இறுக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறையுங்கள்.