பழைய டீசல் லாரி: வீட்டில் செய்யும் வேலைகள் பற்றிய கேள்வி பதில்

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்கு, மெக்கானிக்கல் பம்பு டீசலை அனுப்பும் பழைய லாரிகளுக்கான பதில்கள் இவை. எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய காமன் ரெயில் எஞ்சின்களில் குழாய் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அவற்றில் டீசல் குழாய் நட்டுகளைத் தளர்த்தும் வேலை கூடவே கூடாது.

கேள்வி: ஐயா, டீசல் தீர்ந்து லாரி நின்றுவிட்டது. டேங்கை நிரப்பிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. பம்பு போய்விட்டதா?

பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். குழாய்களில் காற்று புகுந்திருக்கிறது. பம்பு காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும். நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

டீசல் ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சிறிய பம்பான கை பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது, கை பம்பை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு நாசில்களுக்கு டீசல் அனுப்பும் பெரிய பம்பிலுள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள். கை பம்பின் நெம்புகோல் பிடிப்பே இல்லாமல் ஆடினால், உள்ளே அதைத் தள்ளும் கேம் உயர்ந்த நிலையில் நிற்கிறது என்று பொருள். எஞ்சினைச் சற்றே சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், நாசில் பக்கத்து குழாய் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் கசியும் வரை செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் செல்ஃப் மோட்டாரை ஆறவிடுங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் நட்டுகளுக்கு அருகே கை வைக்க வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல் மட்டுமே தெரியும், வலியும் உடனே இருக்காது. அப்படி நேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். விரலை இழந்தவர்கள் பலரும் சிறு காயம்தானே என்று காத்திருந்தவர்கள்.

அதே வாசகர் மறுநாள்: ஸ்டார்ட் ஆகிவிட்டது ஐயா, நன்றி. ஆனால் சற்று தூரம் ஓடியதும் மறுபடி நின்றுவிடுகிறது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை.

ஒழுகல் தெரியாது. டேங்கிலிருந்து கை பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் அதோடு சரியாகிவிடும். இல்லையென்றால் கை பம்புக்குள் நுழையும் இடத்தில் டீசலைத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதற்கு முன்னுள்ள ரப்பர் குழாயையும் செம்பு வாஷர்களையும் மாற்றுங்கள். பெரும்பாலும் குற்றவாளி பழைய வாஷர்தான்.

கேள்வி: காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. அப்போது வெள்ளைப் புகை கொட்டுகிறது, சூடானதும் புகை நின்றுவிடுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றும் முன் அளந்து பாருங்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கிக் கிடைக்கும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு உலோகத்தில் ஓடிவிடும்; எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதியுங்கள். 24 வோல்ட் லாரி என்றால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உடலிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருவேறியிருக்கிறது. நல்ல செல்ஃப் மோட்டார்கள் எத்தனையோ இந்த ஒரு ஒயரால் குப்பைக்குப் போகின்றன! குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் இருந்தால், ஒயரைக் கழற்றி ஒவ்வொன்றின் ஓம் அளவையும் பாருங்கள். சில ஓமுக்குள் இருக்க வேண்டும். தொடர்பே காட்டாதது எரிந்துபோனது.

எஞ்சின் சூடான பிறகும் புகை வெள்ளையாகவே வந்து, கூலன்டும் குறைந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் லாரியில் அப்படி இல்லை.

கேள்வி: எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிட்டது. போலி ஆயிலா?

இல்லை. டீசல் கரியை ஆயில் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதால்தான் கறுக்கிறது. அதுதான் அதன் வேலை.

கேள்வி: அண்ணா, எங்கள் லாரியில் ஆயில் குறைவதே இல்லை. டிப்ஸ்டிக்கில் அளவு கொஞ்சம் ஏறிக்கூட இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

தம்பி, இன்றைக்கு அந்த லாரியை எடுக்காதீர்கள். ஆயில் தானாகப் பெருகாது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால், கை பம்பின் டயஃப்ரம் கிழிந்தோ, பெரிய பம்பின் சீல் தேய்ந்தோ, நாசில் ஒழுகியோ டீசல் கீழே இறங்குகிறது. பாலாடை நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலக்கிறது.

டீசல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்னும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அளவு மிகுந்த ஆயில், எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் ஏறினால், எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைப்பதுதான் வழி. காற்று நுழையும் வாயைக் கெட்டியான பலகையால் மூட வேண்டும். கையையோ துணியையோ வைத்தால் உள்ளே இழுத்துவிடும். கரியமில வாயு தீயணைப்பானை அந்த வாய்க்குள் அடித்தாலும் நிற்கும். அருகில் போக முடியாத வேகத்தை எட்டிவிட்டால் விட்டு விலகுங்கள். எஞ்சின் போனால் போகட்டும்.

கேள்வி: சூடு ஏறாமல் இருக்க தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா?

இரண்டுமே கெடுதல். குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் டீசல் சரியாக எரியாது. சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி இறக்கிவிடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு முன்னைவிட ஏறும். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் நேரே படும் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) கொண்ட எஞ்சின் என்றால் கூலன்ட் கட்டாயம். லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பை ஊசித் துளைகளாக அரிக்கும். கூலன்டிலுள்ள மருந்து அதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீரால் முடியாது.

கேள்வி: வீட்டில் தொடவே கூடாத வேலை எது?

ஏர் பிரேக் லாரியின் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை, அதாவது ஸ்பிரிங் விசையால் பிரேக் பிடிக்கும் டப்பாவை, பிரிப்பது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். அடுத்தது, வளையம் போட்டுப் பூட்டும் பல துண்டு ரிம்மில் காற்றடிப்பது. வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் தப்ப முடியாது. இரும்புக் கூண்டு உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: நாசில்களை நானே கழற்றலாமா?

கழற்றலாம். சோதிப்பதும் அழுத்தம் வைப்பதும் பம்பு பட்டறை வேலை. கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைக் கழுவிவிடுங்கள். குழாய் வாய்களை உடனே மூடுங்கள். ஒரு மணல் துகள் போதும் நாசிலைக் கெடுக்க. எந்த நாசில் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்துக் கொடுத்தால், அதன் முனையைப் பார்த்தே அந்த சிலிண்டரின் நிலையைப் பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். அடியிலுள்ள பழைய செம்பு வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை எடுக்காமல் புதியதை மேலே போட்டால் நாசில் உயர்ந்து நின்று, டீசல் தெளிப்பு தவறான இடத்தில் விழும். விளக்கு அடித்துப் பார்த்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.