ஓநாய் வேட்டை நாய்க்குட்டிக்கு முன்பணம் தரலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். 8 வயது மகள் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் (அயர்லாந்தில் ஓநாய் வேட்டைக்கு வளர்த்த நாய் இனம்) வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இணையத்தில் 7 வாரக் குட்டி ஒன்று விளம்பரத்தில் இருந்தது. தூரமாக இருப்பதால் பாதி வழியில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார் விற்பவர். முன்பணம் கேட்கிறார். தரலாமா? வீட்டுக்குக் காவலாகவும் இருக்குமா?

பதில்: தராதீர்கள். 2020 ஏப்ரல் முதல் அங்கே 'லூசி சட்டம்' இருக்கிறது. குட்டி வியாபாரம் செய்பவர், தானே வளர்த்த குட்டியை, அது பிறந்த இடத்திலேயே, தாயோடு வைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும். 8 வாரம் ஆகாமல் கொடுக்கவும் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் கைமாறும் குட்டிக்குத் தாய் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த இனத்தில் தாயைப் பார்ப்பது மிக முக்கியம். அயர்லாந்தில் கடைசி ஓநாய் 1786 வாக்கில் கொல்லப்பட்டது என்பார்கள். வேட்டை இல்லாமல் போனதும் நாய்களும் அருகிவிட்டன. 1860களில் கேப்டன் ஜார்ஜ் கிரஹாம் என்பவர், மிஞ்சிய சிலவற்றோடு ஸ்காட்டிஷ் டீர்ஹவுண்ட், கிரேட் டேன் போன்ற வேறு நாய் இனங்களையும் கலந்து மீட்டெடுத்தார். இன்று இந்த இனத்தில் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோயும் எலும்புப் புற்றும் அதிகம். சராசரி ஆயுள் 7 ஆண்டுகள்தான். உங்கள் மகள் பள்ளி முடிப்பதற்குள் பிரிவு வந்துவிடலாம். இதை அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

தாய், தந்தை இரண்டுக்கும் சமீபத்தில் எடுத்த இதய ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வழி மாறிப்போகும் பிறவிக் குறையும் இந்த இனத்தில் உண்டு. அதற்காகக் குட்டிக்குச் செய்த ரத்தப் பரிசோதனையின் முடிவையும் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பார். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

காவலுக்கு இது சரிவராது. ஆண் நாய் தோள் வரையே 79 செ.மீ.க்குக் குறையாது, எடை 55 கிலோவைத் தாண்டும்; ஆனால் அந்நியரிடமும் சாதுவாகவே பழகும். ஓடுகிற பூனையையோ முயலையோ கண்டால் மட்டும் பழைய வேட்டை புத்தி வந்துவிடும். அதனால் உயரமான வேலி வேண்டும்.

அப்புறம், சாப்பிட்டபின் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராவிட்டால், குடல் முறுக்கு போல இரைப்பையே முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. குட்டி வருவதற்கு முன்பே, இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று பார்த்து வையுங்கள்.