வேலி போடுவதற்கு முன் நான்கு கூண்டு போட்டுப் பாருங்கள்

கேள்வி: காட்டை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பயிர் வைப்பதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. அது தானாகவே காடாகட்டும் என்று விட்டுவிட்டோம். இன்றுவரை புல்லும் சில முள்புதர்களும்தான் மிச்சம். நட்ட மரக்கன்றுகளை மான்கள் கடித்துவிடுகின்றன. "சுற்றிலும் வேலி போடுங்கள், காடு தானாக எழும்பும்" என்கிறார் ஒருவர். "விலங்குதான் விதையைக் கொண்டுவருகிறது, அதை விரட்டினால் காடு எங்கிருந்து வரும்?" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே எங்கோ கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்த நிலம்தான் வேறு வேறு. உங்கள் நிலம் எந்த வகை என்பதை அதனிடமே கேட்டுவிடலாம். அதற்கு ஒரு வருடமும் கொஞ்சம் கம்பிவலையும் போதும். முதலில், விலங்கின் வாய் என்ன செய்கிறது, வயிறு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். குழப்பமெல்லாம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதில்தான் வருகிறது.

புல்லுக்கு வளரும் இடம் தூரில், மண்ணை ஒட்டி இருக்கிறது. மேலே எவ்வளவு கடித்தாலும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடும். மரக்கன்றுக்கு வளரும் இடம் உச்சிக் கொழுந்து. மானுக்கு முதலில் எட்டுவதும் அதிகம் பிடிப்பதும் அதுதான். ஒரே வாய் ஒரே நாளில் இரண்டையும் கடித்தாலும், புல்லுக்கு அது முடிவெட்டு, கன்றுக்குத் தலைவெட்டு.

சார்லஸ் டார்வின் 1859-ல் இதைப் பதிவு செய்திருக்கிறார். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மாடு மேயும் வெட்டவெளி ஒன்று. பக்கத்தில் வேலி போட்டு அடைத்த இடத்தில் பைன் கன்றுகள் தாமாகவே நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. வெளியே ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குனிந்து புதர்ச்செடிகளுக்கு நடுவே தேடியபோதுதான் மாடு கடித்துக் கடித்துக் குறுகிப்போன கன்றுகள் தெரிந்தன. ஒரு சதுர கெஜத்தில் மட்டும் 32. அதில் ஒன்றின் தண்டில் 26 வளர்ச்சி வளையங்கள்! அத்தனை காலமும் அது புதரைத் தாண்டித் தலைதூக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது. நீங்களும் ஒருமுறை முழங்காலிட்டு உங்கள் புல்லை விலக்கிப் பாருங்கள். ஐந்து வருடமாக எதுவுமே முளைக்கவில்லை என்று நினைத்த இடத்தில் தண்டு தடித்த, தலை மொட்டையான கன்றுகள் கிடைக்கலாம்.

சரி, அப்படியானால் வேலிதானே தீர்வு? அவசரப்பட வேண்டாம். அதே டார்வின் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார். வழக்கமாக வெட்டப்பட்டு வந்த புல்தரையில் 3 அடிக்கு 4 அடி இடத்தை வெட்டாமல் வளரவிட்டபோது, அதிலிருந்த 20 செடி இனங்களில் 9 அழிந்துபோயின. உயரமாக வளர்பவை குட்டையானவற்றின் வெளிச்சத்தைப் பறித்துக்கொண்டன. கத்தி செய்ததைத்தான் மேயும் வாயும் செய்கிறது. வலுத்ததை அடக்கி, இளைத்ததற்கு இடம் கொடுக்கிறது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளி. 1890-களில் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) மாடுகளோடு காட்டு விலங்குகளையும் கொன்றது. 1960-களில் அந்த நோய் அங்கே அடங்கிய பிறகு, சுமார் இரண்டரை லட்சமாக இருந்த, மாடு போன்ற உடலுள்ள வில்டபீஸ்ட் மான்களின் கூட்டம் 1970-களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீக்கு எரிய எதுவும் மிஞ்சவில்லை. தீ குறைந்தது, மரக்கன்றுகள் பிழைத்தன, மரம் பெருகியது. மேய்ச்சலால் காடு வளர்ந்த கதை இது. உங்கள் நிலத்தில் கோடையில் தீ பிடிக்கும் வழக்கம் இருந்தால் இதை இரண்டு முறை யோசியுங்கள். மேயாத புல் என்பது காய்ந்த விறகு.

கென்யாவில் 1995-ல் தொடங்கிய வேலிச் சோதனை ஒன்று இன்னும் விநோதமானது. அங்குள்ள ஒருவகை வேலமரம் தன் முள்ளின் அடியில் வீங்கிய குமிழ்களில் எறும்புகளைக் குடிவைத்து, தேனும் கொடுக்கிறது. கடிக்க வரும் விலங்கின் மூக்கில் எறும்பு ஏறிவிடும். யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் நுழையாதபடி வேலி போட்டுப் பத்து வருடம் கழித்துப் பார்த்தால், மரங்கள் காவலாளிக்குக் கூலியைக் குறைத்திருந்தன: தேனும் குறைவு, குமிழும் குறைவு. நல்ல எறும்பு இடம் காலி செய்ய, தண்டைத் துளைக்கும் வண்டுகளுக்கு வசதியான வேறு எறும்பு வந்து சேர்ந்தது. எதிரி இல்லாத மரங்கள் மெதுவாக வளர்ந்து, அதிகமாகச் செத்தன. அதே சோதனையில், பெரிய விலங்கு இல்லாத அடைப்புகளில் எலிகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. எலி விதையையும் தின்னும், முளையையும் தின்னும். மானுக்குப் போடும் வேலி எலியைத் தடுக்காது என்பதை மனதில் வையுங்கள்.

இனி வயிறு. விதை நிலத்துக்கு எப்படி வருகிறது என்பதுதான் உங்கள் இரண்டாவது நண்பரின் கவலை. அவர் மறந்துவிட்ட ஒன்று: விதை சுமப்பவர்களில் பலருக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. பழம் தின்னும் பறவை உட்கார்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் எச்சமிடும். அதனால்தான் வெட்டவெளியில் ஒற்றை மரம் நின்றால் அதன் அடியில் மட்டும் பத்து வகைக் கன்று முளைத்திருக்கும், நாலடி தள்ளி ஒன்றும் இருக்காது. வௌவால் அப்படியல்ல. பறந்துகொண்டே எச்சமிடும். அத்தி போன்ற பொடி விதைகள் வெட்டவெளிக்கு வந்துசேர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வேலிக்கு வெளியே நின்றுவிடுவது நாலுகால் சுமைகாரர்கள். மானின் ரோமத்தில் ஒட்டும் விதை, புழுக்கையோடு விழும் விதை, அப்புறம் யானையின் லத்தியில் வரும் பெரிய விதைகள். காங்கோ காட்டில் யானை ஒரு விதையைத் தின்ற இடத்திலிருந்து 57 கிலோமீட்டர் வரை கொண்டுபோய்ப் போட முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரே ஒரு செம்மறி ஆட்டை வைத்து எண்ணியபோது, அதன் உரோமத்தில் 85 இனங்களைச் சேர்ந்த 8,500-க்கும் மேற்பட்ட விதைகள் பயணம் செய்தது தெரிந்தது. புல், பூண்டு வகைகளுக்கு இதுதான் பேருந்து. ஆகவே முழு வேலி போட்டால் பறவை கொண்டுவரும் மரங்கள் வரும், கால்நடையாக வரும் இனங்கள் குறையும்.

இந்த இடத்தில் ஒரு கதையை மறுக்க வேண்டியிருக்கிறது. விலங்கின் வயிற்றுக்குள் போய்வந்தால்தான் சில விதைகள் முளைக்கும் என்பதற்குச் சான்றாக மொரீஷியஸின் டோடோ பறவையைச் சொல்வார்கள். டோடோ அழிந்ததால் தம்பலகோக் மரம் முளைப்பதே நின்றுபோனது என்று 1977-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆதாரம்? டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 விதைகளை ஊட்டினார்கள். 7 நொறுங்கின. மிஞ்சிய 10-ல் 3 முளைத்தன. ஊட்டாத விதைகளைப் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை! எந்த வயிற்றுக்குள்ளும் போகாமல் அந்த விதை முளைத்ததற்கு முன்பே பதிவு இருந்தது. வயிற்றின் உதவி பெரும்பாலும் இரண்டுதான்: முளைப்பதைத் தடுக்கும் சதையைக் கழற்றுவது, தாய் மரத்தடியிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது. தாய் மரத்தடியில் பூச்சியும் பூஞ்சையும் அந்த இனத்துக்கென்றே காத்துக்கிடக்கும். சதையைக் கையால் கழுவி, தள்ளி ஊன்றினால் பல விதைகளுக்கு அதுவே போதும்.

அந்த வான்கோழிச் சோதனையில் விட்டதை நீங்கள் விட்டுவிடாதீர்கள். நிலத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி நான்கு இடங்களில், ஆறடிக்கு ஆறடி கம்பிவலைக் கூண்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதே அளவில் நாலு முளை அடித்து ஒரு திறந்த கட்டம். கூண்டிலும் கட்டத்திலும் பாதி இடத்தில் புல்லைச் செதுக்கிவிடுங்கள், மறு பாதியை அப்படியே விடுங்கள். ஒரு முழு மழைக்காலம் தாண்டும்வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரமுளைகளை எண்ணிக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. இலை வித்தியாசம் போதும்.

கூண்டுக்குள் கன்றுகள் எழும்பி, வெளியே மொட்டையாகவே இருந்தால் தடை மானின் வாய். அப்போதும் மூன்று ஏக்கரையும் அடைக்கச் சொல்ல மாட்டேன். மான் தாண்டாத வேலி எட்டடி உயரம் வேண்டும், பராமரிப்பு தலைவலி. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்து, அது தேறியதும் வேலியை அடுத்த பங்குக்கு மாற்றுங்கள். அடைக்காத இடத்தில் முள்புதர்களைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன அந்தப் புதர்கள்தான் கன்றுகளுக்குச் செவிலி. புதருக்கு நடுவே நட்ட கன்றை மான் எளிதில் நெருங்காது. நான் காசில்லாத வேலி என்றுதான் சொல்வேன். ஒரே நிபந்தனை, அந்தப் புதர் உண்ணிச்செடியாக இருக்கக் கூடாது. பறவைகள் அதன் பழத்தையும் விரும்பித் தின்று பரப்பும். இருந்தால் வேரோடு பிடுங்குங்கள்.

உள்ளேயும் வெளியேயும் செதுக்கிய பாதியில்கூட எதுவும் முளைக்கவில்லையா? விதையே வரவில்லை. வேலிக்கு வைத்த பணத்தை மிச்சம் பிடியுங்கள். பறவைகள் வந்து உட்காரத் தாங்கிக் கம்புகளை நடுங்கள், அவற்றின் அடியில் புல்லைச் செதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் விழும் விதை புல்லில் சிக்கி வீணாகும். சீக்கிரம் காய்க்கும் பழமரங்களைப் பத்துப் பத்தாகக் குத்தாக நடுவது இன்னும் நல்லது. மரம் வளர வளர அதுவே தாங்கி, அதுவே விருந்து. ஆனால் பெரிய கொட்டை உள்ள மரங்களைச் சின்னப் பறவையால் விழுங்க முடியாது. பக்கத்துக் காட்டில் இருவாச்சி, குரங்கு, யானை போன்றவை இல்லாவிட்டால் அவற்றை நீங்கள்தான் நட வேண்டும்.

செதுக்கிய பாதியில் மட்டும் முளைத்தால் குற்றவாளி புல். அப்போது மேய்ச்சல் உங்கள் கூட்டாளி. கூண்டைப் பிரித்துவிட்டு, நட்ட கன்றுகளுக்கு மட்டும் தனித்தனியாக முள்கூண்டு கட்டுங்கள். உச்சிக் கொழுந்து மான் பின்னங்காலில் எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்துக்குப் போனதும் முள்ளை எடுத்துவிடலாம். அடிமரப் பட்டையில் கொம்பு உரசிய தடம் இருந்தால் மட்டும், தண்டு மணிக்கட்டுப் பருமன் ஆகும்வரை விட்டு வையுங்கள்.