காவலர் எதைக் காக்கிறார்?

கேள்வி: 'டொக்டர் ஹூ' தொடரின் டொக்டர், 'ஸ்டார் ட்ரெக்'கில் வந்த கேரி செவன், 'சஃபையர் அன்ட் ஸ்டீல்' இணை ஆகிய எல்லோரும் காலத்தினூடே பயணித்து மனிதரைக் காக்கும் மர்மக் காவலர்கள்தாமே? 1963இல் தொடங்கிய டொக்டரைப் பார்த்தே மற்றவர்கள் வார்க்கப்பட்டார்கள் என்பது என் கருத்து. (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். டொக்டரை எவரும் காவலுக்கு அமர்த்தவில்லை. பிறர் விவகாரங்களில் தலையிட்ட குற்றத்துக்காக, 1969இல் ஒளிபரப்பான கதையில், அவருடைய இனத்தவரே அவரை விசாரித்து, உருவத்தை மாற்றிப் பூமிக்கு நாடுகடத்தினார்கள். கேரி செவனோ காலப்பயணியே அல்லர்; 1968 மார்ச்சில் வந்த அந்த ஒற்றை அத்தியாயத்தில் காலம் கடந்து வந்தது தொடரின் நாயகர்கள் பயணிக்கும் என்டர்பிரைஸ் விண்கப்பல். அவரை நாயகராக்க எண்ணிய தனித்தொடர் எடுக்கப்படவேயில்லை.

எஞ்சுகிற சஃபையரும் ஸ்டீலும்தான் உண்மையான காவலர்கள், ஆனால் அவர்கள் காப்பது மனிதரை அன்று, காலத்தை. 1979 முதல் 1982 வரை வந்த ஆறு கதைகளில் இரண்டாவதைப் பாருங்கள். கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில், முதல் உலகப் போரில் போர்நிறுத்தத்துக்குப் பின்னர் கொல்லப்பட்ட சிப்பாய் ஒருவனின் மனக்குறையைத் தின்று ஓர் இருள் வளர்கிறது. (அந்த மனக்குறை எத்தகையது என்பதை வன்னி வாசகருக்கு நான் விளக்கப் போவதில்லை.) அந்த இருளை அகற்றுவதற்கு ஸ்டீல் கொடுக்கும் விலை, ஆவிகளைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கு வந்திருந்த டல்லி என்னும் அப்பாவி முதியவரின் உயிர். அவருக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயுள் இருந்தது என்பதும், உரிய காலத்துக்கு முன்னரான அந்தச் சாவுதான் பேரத்தின் சாரம் என்பதும் ஸ்டீலுக்கு நன்றாகத் தெரியும்.

மாரியில் குளம் முட்டி நிற்கும்போது வான்கதவைத் திறப்பவர், கீழே விதைத்த வயலில் வெள்ளம் ஏறும் என்று தெரிந்தேதான் திறக்கிறார், ஏனெனில் அவர் கண் குளக்கட்டில் இருக்கிறது. இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர்கள் அவரை ஏசவும் செய்வார்கள், அவர் திறக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அறிவார்கள். ஸ்டீல் அந்த வகை. டொக்டரோ வெள்ளத்தில் நிற்பவனைக் கண்டதும் கட்டை மறந்து இறங்கிவிடுகிற வகை. எனக்கு விருப்பமானவர் டொக்டர்தான், ஆயினும் குளத்தை அவரிடம் ஒப்படைக்க மாட்டேன்.

அந்த ரயில் நிலையக் கதையின் எட்டுப் பாகங்களையும் பார்த்துவிட்டு, டொக்டர் அந்த மேடையில் நின்றிருந்தால் டல்லியைக் கொடுத்திருப்பாரா என்று எழுதுங்கள்.